ஐந்து லிட்டர் தண்ணீரும் ஒரு டன் ஏசியும்

வெயிலே தேவைப்படாத பயிர் காளான். ஆனால் மாசி பிறந்துவிட்டால் அதை வளர்ப்பவருக்கு வெயிலைத் தவிர வேறு யோசனை கிடையாது. நெல்லும் தக்காளியும் வெயிலில் நின்று தமக்கான உணவைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. காளானுக்குப் பச்சையம் இல்லை. வேறொரு செடி என்றோ சமைத்துவைத்த வைக்கோலைச் செரித்தே அது வாழ்கிறது. ஆகவே வயல் வேண்டாம்; நான்கு சுவரும் ஒரு கூரையும் இருந்தால் பயிர் வந்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. திறந்த வெளியில் காற்று அள்ளிக்கொண்டு போகும் வெப்பம், அறைக்குள் அகப்பட்டால் போக வழியின்றித் தேங்குகிறது.

தமிழ்நாட்டில் அதிகம் வளர்க்கப்படும் சிப்பிக் காளானுக்கு, வித்திட்ட வைக்கோல் படுக்கையில் பூஞ்சை இழை பரவும் காலத்தில் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஒத்துப்போகும். மொட்டு விட்டுக் காளான் விரியும் அறையில் 23 முதல் 25 டிகிரி இருந்தால் நல்லது. ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. வெளியே 38 டிகிரி அடிக்கும் நாளில் இதைக் கொடுப்பது எப்படி? முதலில் நினைவுக்கு வருவது ஏசி. வாங்கும் விலையும் மின்கட்டணமும் ஒருபுறம் இருக்கட்டும், காளானுக்கு ஏசி இன்னொரு வகையிலும் பொருந்தாது. அதன் குளிர்ந்த குழாய்களில் காற்றிலுள்ள நீராவி படிந்து, சொட்டுச் சொட்டாக வெளியேறிவிடுகிறது. அறை குளிரும், கூடவே காயும். காளானின் உடலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். இலைக்கு மேலே இருப்பதுபோல் அந்தத் தண்ணீரைக் காக்கும் மெழுகுத் தோல் அதற்கு இல்லை. உலர்ந்த காற்றில் மொட்டுகள் கருகிச் சுருங்கிவிடும்.

குளிரவும் வேண்டும், ஈரமாகவும் இருக்க வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே வேலையில் செய்து முடிக்கும் பொருள் ஒன்று குழாயடியிலேயே இருக்கிறது.

தண்ணீரின் கணக்கு

நீரில் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகம் மிகுந்தவைதான் பரப்பைப் பிய்த்துக்கொண்டு ஆவியாகப் பறக்கின்றன. மிஞ்சியவற்றின் சராசரி வேகம் குறைகிறது. வெப்பநிலை என்பதே அந்தச் சராசரியின் அளவு என்பதால் நீர் குளிர்கிறது. குளிர்ந்த நீர், தன்னைத் தொட்ட காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இப்படி ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போவதற்குள் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கிவிடும். இதுவே அதன் உள்ளுறை வெப்பம்.

இந்த எண் எவ்வளவு பெரியது என்பது பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு டன் ஏசி என்பது நொடிக்கு 3.5 கிலோஜூல், அதாவது 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் கருவி. மணிக்கு ஐந்து லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர் ஆவியானால் அதே வேலை நடந்துவிடும். ஏசி அதற்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் கேட்கும். தண்ணீருக்கு வேண்டியதெல்லாம் அகலமான ஈரப் பரப்பும் அதன்மேல் ஓடும் காற்றும்தான்.

கோடையில் சிலர் ஐஸ் கட்டி வாங்கிக் காளான் குடிலில் வைப்பதுண்டு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பம் உறிஞ்சும். ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீர் ஆவியாகும்போது உறிஞ்சுவதில் ஏழில் ஒரு பங்கு. காசு கொடுத்து வாங்கும் பொருள், சும்மா கிடைக்கும் பொருளைவிடக் குறைவாக உழைக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று தரையில் கொட்டுவதிலும் இதே மயக்கம் உண்டு. 28 டிகிரியில் வரும் ஒரு லிட்டர் நீர் 34 டிகிரிக்குச் சூடேறும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பம் 25 கிலோஜூல் மட்டுமே. ஆவியாகும்போது வாங்குவது அதைப்போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு. ஆகவே தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்பதைவிட, அது ஆவியாகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தரையில் ஆற்று மணலைப் பரப்பி நனைப்பதும், சுற்றிலும் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் விடுவதும் இதனால்தான் பயன் தருகின்றன. சிமென்ட் தரையில் கொட்டிய தண்ணீர் வழிந்து ஓடிவிடும். மணல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். சணல் இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து வருவதால், ஒரு சாக்கின் ஈரப் பரப்பு அதன் நீள அகலத்தைவிடப் பல மடங்கு ஆகிறது. அந்தக் காலப் பெரிய வீடுகளில் சன்னலுக்குச் சன்னல் தொங்கிய வெட்டிவேர்த் தட்டி செய்ததும் இதே வேலை. மணம் மட்டும் கூடுதல்.

முதல் செலவு கூரைக்கு

தரையில் 16 சதுர மீட்டர், உயரம் 3 மீட்டர் கொண்ட சிறு குடிலை எடுத்துக்கொள்வோம். அதற்குள் 48 கன மீட்டர் காற்று இருக்கும். ஒரு கன மீட்டர் காற்றை 10 டிகிரி குளிர்விக்க ஐந்து கிராம் தண்ணீர் ஆவியானால் போதும். ஒரு தேக்கரண்டி அளவுதான். குடில் முழுவதற்கும் கால் லிட்டர். இவ்வளவு எளிதென்றால் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு மாலைவரை நிம்மதியாக இருக்கலாமே?

இருக்க முடியாது. குளிர்வித்த காற்றை மறுபடி சூடாக்க வெப்பம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. கோடை உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். 16 சதுர மீட்டர் கூரையில் விழுவது 16 கிலோவாட். நான்கு ஏசி சேர்ந்து வெளியேற்றினாலும் தீராத வெப்பம் அது. இதில் எத்தனை பங்கு உள்ளே இறங்குகிறது என்பதைக் கூரைதான் முடிவு செய்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ பெயின்ட் அடித்த தகரமோ உச்சி வெயிலில் 60 டிகிரிவரை ஏறும். அதன் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தைக் கீழே கொட்டிக்கொண்டிருக்கும். 30 டிகிரியில் இருக்கும் படுக்கைகளை நோக்கி அது அனுப்பும் நிகர வெப்பம் சதுர மீட்டருக்கு 200 வாட்டை ஒட்டி வரும். குடில் முழுக்கக் கணக்கிட்டால் 3 கிலோவாட்டுக்கு மேல். ஒரு டன் ஏசி வாங்கி மாட்டினால், அதன் முழு உழைப்பும் அந்தத் தகரத்துக்கே போய்விடும்.

தென்னங்கீற்றுக் கூரை இதற்கு நேர்மாறு. அடுக்கடுக்காக வேய்ந்த கீற்றுகளுக்கு நடுவே அசையாத காற்று அகப்பட்டிருக்கிறது. அசையாத காற்றைப்போல் வெப்பத்தை மறிக்கும் மலிவான பொருள் வேறில்லை. மேற்கீற்று சுட்டாலும் அடிக்கீற்றில் கை வைக்கலாம். கீற்று மக்கும், பூச்சி அண்டும், தீப் பயமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். அதை நினைத்துத் தகரக் கூரையே போதும் என்பவர்கள் தகரத்துக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். விழும் ஒளியின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். நிழல்வலை கட்டுவதானால் கூரைக்கு மேலே ஒன்றரை அடியாவது இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். வெயிலை வாங்கிச் சூடாவது வலை. அந்தச் சூட்டை இடைவெளியில் ஓடும் காற்று கொண்டுபோய்விடும். கறுப்பு வலையைத் தகரத்தின் மேலேயே போர்த்திவிட்டால், வலை வாங்கிய வெப்பம் தொட்டுக்கொண்டிருக்கும் தகரத்துக்கு நேராக இறங்கும். வாங்கிய காசு வீண்.

வெயில் மட்டுமே வெப்பம் கொண்டுவருவதில்லை. படுக்கைகளும் சுடும். வைக்கோலைச் செரிக்கும் பூஞ்சை நம்மைப் போலவே சுவாசிக்கிறது. நம்மைப் போலவே வெப்பமும் விடுகிறது. ஒரு படுக்கையில் உள்ள ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலில் ஐந்தில் ஒரு பங்கு இருபது நாளில் செரிக்கப்படுவதாக வைத்துக் கணக்கிட்டால், ஒரு படுக்கைக்கு ஏறக்குறைய 2 வாட் வருகிறது. அற்பமாகத் தோன்றும். 200 படுக்கை தொங்கும் அறையில் அது 400 வாட். நான்கு பேர் இரவும் பகலும் எழுந்து போகாமல் உள்ளே உட்கார்ந்திருப்பதற்குச் சமம். படுக்கைகளை நெருக்கி மாட்டினால் நடுவில் இருப்பவை அறையைவிடச் சில டிகிரி அதிகமாகச் சுடுவது இதனால்தான். உறியில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொங்கவிடும்போது வரிசைகளுக்கு நடுவே காற்றோட இடம் விடுவது செலவில்லாத குளிரூட்டல்.

ஈரக்குமிழ் போடும் கோடு

கூரையைச் சரிசெய்தாயிற்று, சாக்கையும் நனைத்தாயிற்று. இனி எவ்வளவு குளிரும்? இதற்கு இயற்கை ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறது. சென்னையில் மே மாத மாலையில் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தாலும் வியர்வை காய்வதில்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் புதிதாக ஏற இடமில்லை. குடிலின் சாக்குக்கும் இதே நிலைதான்.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க இரண்டு சாதாரண வெப்பமானிகள் போதும். ஒன்றை அப்படியே நிழலில் தொங்கவிட வேண்டும். இன்னொன்றின் குமிழை ஈரத் துணியால் சுற்றி, விசிறிக் காற்றில் காட்ட வேண்டும். ஈரம் ஆவியாக ஆவியாக இரண்டாவது இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். அதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. அந்தக் காற்றை வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரால் எட்டக்கூடிய கடைசிப் படி அது. எத்தனை சாக்கு கட்டினாலும், எத்தனை விசிறி வைத்தாலும் அதற்குக் கீழே போகாது.

உள் மாவட்டம் ஒன்றில் கோடைப் பிற்பகல் 36 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் 25 டிகிரியில் நிற்கும். இடையே 11 டிகிரி வித்தியாசம். நன்றாக நனைந்த சாக்கோ கூலர் பேடோ இந்த வித்தியாசத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்துத் தரும். உள்ளே வரும் காற்று 27 டிகிரி. சிப்பிக் காளானுக்கு இது உகந்ததல்ல என்றாலும் உயிர் பிழைக்கும். கடற்கரை ஊர் ஒன்றில் கடற்காற்று ஏறியபின் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று கொள்வோம். வெயில் அங்கே இரண்டு டிகிரி குறைவு. ஆனால் ஈரக்குமிழ் 29. உள்ளே 30 டிகிரிக்குக் கீழே இறக்குவதே பெரும்பாடு. தர்மபுரிக்காரருக்குப் பலித்த வழி கடலூரில் பலிக்காமல் போவதற்குக் கைப்பக்குவம் காரணம் இல்லை, காற்றுதான் காரணம்.

குடில் போடத் திட்டமிடுபவர் முதலில் வாங்க வேண்டியது இந்த இரண்டு வெப்பமானிகளைத்தான். சித்திரை வைகாசியில் சில நாள், பிற்பகல் மூன்று மணிக்கு ஈரக்குமிழைக் குறித்து வைத்துக்கொண்டால், எந்தக் கடைக்காரர் எதை விற்க வந்தாலும் அது தம் ஊரில் எவ்வளவு குளிர்விக்கும் என்று தாமே கணக்குப் போட்டுவிடலாம்.

காற்று போக வழி

ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி, கதவைச் சாத்திவிட்டால் முதல் அரைமணி நேரம் குளிர்ச்சியாக இருக்கும். பிறகு உள்காற்றில் நீராவி நிறைந்துவிடும்; ஆவியாதல் நிற்கும்; கூரை வழியே வரும் வெப்பம் மட்டும் நிற்காது. ஆகவே சூடான ஈரக்காற்று வெளியே போகவும், புதுக்காற்று நனைந்த சாக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரவும் வழி வேண்டும். காற்று வரும் திசையில் சாக்கு, எதிர்ப்புறம் கூரையை ஒட்டி ஒரு திறப்பு அல்லது சிறு எக்ஸாஸ்ட் விசிறி. வேறெங்கும் ஓட்டை இருக்கக்கூடாது. காற்று எப்போதும் தடை குறைந்த பாதையைத்தான் தேடும். கதவுக்கடியில் நான்கு விரல் இடுக்கு இருந்தால், சாக்கை விட்டுவிட்டு அதன் வழியே சுடுகாற்றாகவே வந்து சேரும்.

கூரையின் பெருமை இங்கே இன்னொரு முறை தெரியவரும். உள்ளே வரும் காற்று 27 டிகிரி, வெளியே போகையில் 29 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் இரண்டு கிலோஜூலுக்குச் சற்று மேல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. உள்ளே சேரும் வெப்பம் ஒன்றரை கிலோவாட்டாக இருந்தால் குடிலின் காற்று முழுவதும் ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறியாக வேண்டும். அது காளானின் ஈரத்தை உறிஞ்சும் வேகம். நல்ல கூரையால் வெப்பத்தை 600 வாட்டுக்குக் குறைத்துவிட்டால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் போதும். சின்ன விசிறியே தாங்கும், மொட்டும் வாடாது.

இந்தக் காற்றோட்டத்தைக் காளானும் கேட்கிறது. பூஞ்சை விடும் கார்பன் டை ஆக்சைடு அறையில் தேங்கினால் தண்டு நீண்டு, குடை விரியாமல் சிறுத்துப்போகும். சந்தைக்கு வேண்டியது குடை. மெலிந்து நீண்ட தண்டோடு காளான் வந்தால், வித்தைக் குறை சொல்லுமுன் காற்று போகும் திறப்பைப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் விடுவதிலும் ஓர் அளவு உண்டு. நனைய வேண்டியவை மணலும் சாக்கும் காற்றும்தான். காளான் குடையின் மேலே தண்ணீர் நின்றால் பாக்டீரியா பெருகி மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி விழும். சொதசொதவென்று கிடக்கும் படுக்கையில் பச்சைப் பூசணம் ஏறும், ஈ முட்டையிடும். ஒரேயடியாகக் குடம் குடமாக ஊற்றுவதைவிடப் பகலில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக, பனிபோல் தெளிப்பதே ஆவியாதலுக்கும் ஏற்றது. பதினொரு மணி முதல் நான்கு மணிவரை அடிக்கடி. அந்தி சாய்ந்தபின் நிறுத்திவிட்டுத் திறப்புகளைத் திறந்து இரவுக் காற்றை உள்ளே விடலாம். விடிந்ததும் மூடிவிட்டால் இரவில் குளிர்ந்த தரையும் மணலும் முற்பகல்வரை கைகொடுக்கும்.

அறையை விட்டுப் பயிரை மாற்றுவது

19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் காளான் விவசாயிகள் குளிரூட்டும் செலவை வேறு விதமாகத் தீர்த்தார்கள். கட்டடத்துக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட சுரங்கங்கள் நகரத்துக்கு அடியில் கிடந்தன. அவற்றுக்குள் இறங்கி மொட்டுக் காளான் வளர்த்தார்கள். தரைக்குச் சில மீட்டர் அடியில் போய்விட்டால் கோடையும் குளிர்காலமும் தெரியாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே எப்போதும் இருக்கும். பாரிஸ் சுரங்கங்களில் அது 14 டிகிரி. மொட்டுக் காளான் காய்ப்பதற்கு வேண்டியது 14 முதல் 18 டிகிரி. பூமியே குளிர்சாதன அறையாக வாய்த்தது.

நாமும் பள்ளம் தோண்டலாமா என்றால், தமிழ்நாட்டுச் சமவெளியின் ஆண்டுச் சராசரி 28 டிகிரியை ஒட்டியது. எத்தனை அடி தோண்டினாலும் கிடைப்பது அதுதான். ஆழ்குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் வருவதும் அதனால்தான். 28 டிகிரி மொட்டுக் காளானுக்குக் கொதிநிலை, சிப்பிக்கு விளிம்பு. பாரிஸ்காரர்கள் தங்கள் நிலத்தின் வெப்பநிலைக்குப் பொருந்திய காளானை வளர்த்தார்கள். நம் நிலத்தின் வெப்பநிலைக்குப் பொருந்தும் காளான் எது என்று கேட்பதே அவர்களிடம் நாம் படிக்க வேண்டிய பாடம்.

அதற்கு விடை வங்கத்திலிருந்து வந்தது. 1974இல் அங்கே அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்ட பால் காளான், வெள்ளையாகவும் தடித்த தண்டோடும் வளரும் வெப்பநாட்டு இனம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சாகுபடிக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்து, 1998இல் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. ரகத்தின் பெயரில் இருப்பது அருப்புக்கோட்டை. வானம் பார்த்த கரிசல் பூமி, வெயிலுக்குப் பேர்போன ஊர். பால் காளானுக்கு உகந்த வெப்பநிலை 30 முதல் 35 டிகிரி. ஈரப்பதம் மட்டும் சிப்பிக் காளானுக்குப் போலவே 80 சதவீதத்துக்கு மேல் வேண்டும். இழை பரவிய படுக்கையை இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மண்ணைப் பரப்பும் வேலை கூடுதல். வெளிச்சமும் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். அறுவடை செய்தபின் சிப்பியைவிட அதிக நாள் தாங்கும் என்பது லாபம்.

முன்னே பார்த்த கடற்கரைக் குடிலின் கணக்கை இப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள். ஈரச் சாக்கு அங்கே 30 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாமல் தோற்றது. சிப்பிக் காளானுக்குத் தோல்வியான அதே 30 டிகிரி, பால் காளானுக்குப் பொருத்தமான தொடக்கம். சாக்கு மாறவில்லை, விசிறி மாறவில்லை, ஒரு ரூபாய் கூடுதல் செலவும் இல்லை. கடற்காற்று கொண்டுவரும் ஈரம்கூட அங்கே சுமையாக இல்லாமல் உதவியாகிவிடுகிறது.

ஆகவே செலவுக்கு ஒரு வரிசை உண்டு. ஊரின் ஈரக்குமிழை அளந்துவிட்டு, அதற்கு ஏற்ற காளானைத் தேர்ந்தெடுப்பது முதலில். இரண்டு வெப்பமானிகளைத் தவிர அதற்குச் செலவே இல்லை. அடுத்தது கூரை. அதற்குப் பின் மணலும் சாக்கும், காற்று வந்துபோகும் வழியும். இவையெல்லாம் செய்தும் போதாத இடத்தில் மட்டுமே விசிறி, பனிபோல் தெளிக்கும் ஃபாகர், மோட்டார். பெரும்பாலான குடில்களில் பணம் இந்த வரிசையின் வாலிலிருந்து தொடங்கிச் செலவாகிறது. கார்த்திகை முதல் மாசிவரை சிப்பி, பங்குனி பிறந்ததும் பால் காளான் என்று பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொள்பவருக்கு ஆண்டு முழுவதும் அறுவடை உண்டு. மொட்டுக் காளானை ஊட்டிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். 14 டிகிரி அவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கிறது.